திசை பார்த்து அளந்தவர்

அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்து நைஜீரியாவுக்குப் போன மதராஸ் கைக்குட்டைத் துணியைப் பாவு வாக்கில் இழுத்தால் ஒரு குணம், ஊடை வாக்கில் ஒரு குணம், மூலைவாட்டில் இன்னொன்று. நூலை உருவிப் பஞ்சாக்கிவிட்டால் இந்த வித்தியாசம் போயே போய்விடும். படிகங்களின் சங்கதியும் இதுதான். பொடித்து அளந்தால் சராசரி மட்டுமே மிஞ்சும். காந்தமும் மின்னோட்டமும் எந்தத் திசையில் எப்படி என்பது தெரியாது. உள்ளே மின்சாரத்தை விடாமல் மேற்பரப்பில் மட்டும் பாயவிடும் பொருளை டோபாலஜிகல் இன்சுலேட்டர் என்கிறார்கள். அதிலேயே, அணுக் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்யும் எதிர்ஃபெர்ரோ காந்தமும் சேர்ந்த வகையின் கதையை 2010-இல் மாங், எசின், மூர் மூவரும் எழுதிய கோட்பாட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். என் கணிப்பில் அதன் ஒரு வேர், வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனின் மேசையில் இருக்கிறது.

கிருஷ்ணன் படித்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல்தான் தாம்பரத்துக்கு வந்தது. அவர் காலத்தில் அது பாரிமுனைப் பக்கம். ராமனோடு செய்த ஒளிச்சிதறல் வேலை பெயர் வாங்கித் தந்ததில் அவருடைய காந்த ஆய்வு நிழலில் விழுந்துவிட்டது, அநியாயம்தான். 1928-இல் டாக்கா போனவர், ஒற்றைப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட்டார். படிகம் தனக்குத் தோதான திசையில் நிற்கும். இழையின் மேல்நுனியை மெல்லத் திருகினால் அது புலத்தின் பிடியை விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒரு கோணம் தாண்டியதும் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கோணமே இரு திசைகளின் காந்த ஏற்புத்திறன், அதாவது புலத்துக்குப் படிகம் எவ்வளவு காந்தமாகிறது என்பதன், வித்தியாசத்தைச் சொல்லிவிடும். பிறகு அடுக்கடுக்கான கிராஃபைட்டை எடுத்தார். அதன் காந்தக் குணம் திசைக்குத் திசை வெகுவாக மாறியது. 1939-இல் சக ஆய்வாளர் கங்குலியோடு மின்கடத்தலையும் அளந்தார்: அடுக்கின் வாக்கில் தாராளம், குறுக்கே கஞ்சத்தனம். இரண்டுக்கும் காரணம், அடுக்குக்குள் தாராளமாக உலவும் அதே எலக்ட்ரான்கள்.

டோபாலஜி என்ற பேச்சே இயற்பியலில் இல்லாத காலத்தவரை இதில் இழுப்பது, எல்லாம் நம்மவர் அன்றே செய்தது என்ற பழைய பாட்டுதானே என்று கேட்கலாம். அவர் முன்கூட்டிச் சொன்னார் என்றால் அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். நான் சொல்வது அளக்கும் முறையை மட்டும். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இழையில் தொங்கும் படிகம் தன் முழு உடம்பின் கணக்கைத்தான் சொல்லும். மேற்பரப்பு அதில் தெரியாது. உண்மைதான். 2019-இல் அந்த எதிர்ஃபெர்ரோ வகைப் படிகமான மாங்கனீசு பிஸ்மத் டெலூரைடு வந்தபோது, அதன் மேற்பரப்பு எலக்ட்ரான்களின் ஆற்றலில் இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று ஆய்வாளர்கள் மோதிக்கொண்டது ஒளியுமிழ்வு அளவீடுகளை வைத்துத்தான். ஆனால் அந்தப் படிகம் எதிர்ஃபெர்ரோ காந்தம் என்பதற்கே சாட்சி எங்கிருந்து வந்தது? ஏழு அணு வரிசை சேர்ந்தது அதில் ஓர் அடுக்கு. அடுக்குக்குள் மாங்கனீசுக் காந்தங்கள் ஒரே பக்கம் பார்க்கும். அடுத்த அடுக்கில் நேர் எதிர்ப்பக்கம். ஒற்றைப்படையாக அடுக்கினால் ஒன்று ஈடாகாமல் மிஞ்சும். 2020-இல் ஐந்தடுக்குத் தகட்டில் வெளிக்காந்தமே இல்லாமல் விளிம்பில் இழப்பின்றி மின்னோட்டம் ஓடியது அதனால்தான். இந்த எதிரெதிர் வரிசையை நியூட்ரான் சிதறல் அளவீட்டோடு சேர்ந்து காட்டிக்கொடுத்தது திசைவாரியான காந்த அளவீடு: சுமார் மைனஸ் 248 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால், அடுக்குக்குச் செங்குத்தாகக் காந்த ஏற்புத்திறன் சரிகிறது, அடுக்கின் வாக்கில் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.