உப்புக் காற்றில் சொகுசு ஜீப் வண்டிகள்: மன்னார் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச் மாதத்தில் விதிக்கப்பட்ட தடை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் நீக்கப்பட்டது. அதன் பின்னர் புதிய சொகுசு ஜீப் வண்டிகள் நாட்டின் வீதிகளில் மீண்டும் தென்படலாயின. அவற்றுள் சில மன்னார்ப் பாலத்தையும் கடந்து தீவுக்குள் வருகின்றன. தடைக்காலத்தில் மாற்ற வழியின்றி வைத்திருந்த பத்து, பதினைந்து வயதான பிராடோ, மொன்டெரோ, லேண்ட் குரூசர், டிபெண்டர் போன்ற வண்டிகளும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்த நிறுவனத்தின் தயாரிப்பாயினும் உயர்ந்து நிற்கும் பெரிய வண்டியைப் 'பஜிரோ' என்றே அழைத்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பெயருக்குள் அதிகாரமும் அந்தஸ்தும் அடங்கியிருந்தன. ஆனால் கடற்காற்று அந்தஸ்து பார்ப்பதில்லை.

இவ்வகை வண்டிகளின் பராமரிப்புக் கைநூல்கள் பெரும்பாலும் ஓடிய தூரத்தையே கணக்கிடுகின்றன. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எஞ்சின் ஒயில், 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை இன்னொன்று என்ற வகையில் அவை அமைந்திருக்கும். மன்னார்த் தீவில் இக்கணக்கு மட்டும் போதாது. நகரிலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தீவுக்குள் மட்டும் பாவிக்கப்படும் வண்டி ஆண்டு முழுவதும் ஓடினாலும் தூரமானியில் பெரிய எண் ஏறாது. ஆயினும் வண்டியின் அடிப்பாகம் அக்காலமெல்லாம் அரிபட்டுக்கொண்டே இருக்கும். இங்கு வண்டியின் வயதைத் தூரமானி சொல்வதில்லை. அதைச் சொல்வது அடிச்சட்டத்தில் படிந்த உப்பே.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இத்தீவின் மீது ஓயாது வீசுகின்றது. 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 காற்றாடிகள் தீவின் தென்கரையில் நிறுவப்பட்டமைக்கு இக்காற்றே காரணம். காற்றாடியைச் சுழற்றும் அதே காற்றுத்தான் அலைமுகட்டிலிருந்து நுண்ணிய உப்புத் துளிகளை அள்ளிவந்து வண்டியின் மீதும் அடியிலும் பூசிச் செல்கின்றது. கடலுக்குள் இறங்காத வண்டிக்கும் இது பொருந்தும். தாம்போதியின் இருபுறமும் நீரே இருப்பதை நாம் நாளாந்தம் காண்கின்றோம்.

மழையில்லாத மாதங்களில் துரு பிடிக்காது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும். சாதாரண கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தை எட்டும்போது தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு 33 வீத ஈரப்பதனிலேயே அவ்வாறு செய்யும். ஆகவே கடலுப்புப் படிந்த இரும்பு, கடும் கோடையிலும் முற்றாகக் காய்வதில்லை. பகலில் காய்ந்ததுபோல் தோன்றி, இரவில் மீண்டும் நனைகின்றது.

இதன் முதல் விளைவு அடிச்சட்டத்தில் தோன்றும். கராஜ்களில் 'செஸி' என்று சொல்லப்படும் இச்சட்டம், பெரிய ஜீப் வண்டிகள் பலவற்றில் ஏணியைப் போன்று இரண்டு நீண்ட இரும்புக் குழல்களாலும் குறுக்குக் குழல்களாலும் ஆனது. குழலின் உள்ளே புகும் நீர் வெளியேற அடியில் சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். தீவின் மணல் அத்துளைகளை அடைத்துவிட்டால், உப்புநீர் உள்ளே தேங்கிச் சட்டத்தை உட்புறமிருந்து தின்னும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கறுப்பு வர்ணம் பளபளவென்றே தெரியும். கண்ணுக்குத் தெரியும் நாளில் காலம் கடந்திருக்கும். வட அமெரிக்காவில் பனி உருகுவதற்காக வீதிகளில் உப்புத் தூவப்படுவது வழக்கம். அங்கு டொயோட்டா நிறுவனத்தின் டகோமா, துண்ட்ரா, செகோயா வண்டிகளின் அடிச்சட்டங்கள் உக்கிப் போனமை தொடர்பான கூட்டு வழக்கில், 2016ஆம் ஆண்டு எட்டப்பட்ட இணக்கத்தின் பெறுமதி 340 கோடி டொலர் வரை மதிப்பிடப்பட்டது. உறுதிக்குப் பெயர்பெற்ற தயாரிப்பாளரின் வண்டிக்கே உப்பினால் இந்நிலை ஏற்பட்டது.

இங்கு இருவகைத் தவறுகள் இடம்பெறுகின்றன. ஒன்று, துருவை அகற்றாமலே அதன்மீது தடித்த தார்ப்பூச்சைப் பூசுதல். பூச்சு வெடித்த இடத்தால் புகும் உப்புநீர் உள்ளே சிறைப்பட்டுவிடும். சுத்தம் செய்து, காயவைத்து, குழல்களின் உட்புறத்துக்கு மெழுகுத் திரவத்தை விசிறுவதே பயன் தரும். மற்றையது, கழித்த எஞ்சின் ஒயிலை அடியில் விசிறுதல். இது மலிவானது, இரும்புக்கு ஓரளவு பாதுகாப்பும் தரும். ஆனால் சில்லுத் தாங்கிகளில் உள்ள இறப்பர் புஷ்களை ஊதச் செய்து கெடுத்துவிடும். நிலத்தில் சிந்தும் ஒயில், மணலினூடாக நேரே நமது கிணறுகளுக்கே செல்லும் என்பதையும் மறத்தலாகாது.

கிணறு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. வண்டியை அடிக்கடி கழுவுங்கள் என்று எவரும் இலகுவில் அறிவுரை கூறிவிடலாம். எந்த நீரால் கழுவுவது? தீவின் நன்னீர், மணலுக்கடியில் கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை மாத்திரமே. பல கிணறுகள் கோடையில் உவர்க்கின்றன. உவர்நீரால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகவே முடியும். குடிநீருக்குத் தட்டுப்பாடுள்ள ஊரில் நாள்தோறும் குழாய்நீரால் ஜீப்பைக் குளிப்பாட்டுவதும் நியாயமாகாது. மேற்புறத்தைப் பளபளப்பாக்கச் செலவிடும் நீரை அடிப்பாகத்துக்குத் திருப்புவதே பொருத்தமானது. மேற்புறத்துக்கு ஈரத்துணி போதும். பருவக்காற்று மாதங்களில் இரு வாரங்களுக்கு ஒருமுறை, சில்லு வளைவுகளுக்கும் அடிச்சட்டத்துக்கும் நன்னீரைப் பீச்சினால் பெரும்பகுதி உப்பு அகன்றுவிடும். மாரிமழையில் வண்டியை வெளியே நிறுத்திவைத்தால் மேற்கூரை மாத்திரமே கழுவப்படும்.

அடுத்து, உயிரோடு தொடர்புடைய விடயம் பிரேக் ஆகும். பிரேக் திரவத்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய உருக்குக் குழாய்கள் அடிச்சட்டத்தின் ஓரமாகவே செல்கின்றன. அவற்றைப் பற்றியிருக்கும் பிடிகளுக்குள் மணலும் உப்பும் சேர்ந்து, அவ்விடத்தில் குழாய் மெலியும். திடீரெனப் பிரேக்கை அழுத்தும்போது, அதாவது அது மிகவும் தேவைப்படும் கணத்தில், குழாய் வெடிக்கும். இரவில் வீதியில் கூட்டமாக நிற்கும் கழுதைகளைக் கண்டு சடுதியாகப் பிரேக் அழுத்தாத சாரதி மன்னாரில் உண்டா? இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட எடை கொண்ட வண்டியில் இதன் விளைவு எவ்வாறிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. பிரேக் திரவமோ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே தூரத்தைப் பாராமல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மாற்றப்பட வேண்டும். பிரேக் பற்றிகள் நகர்ந்து இயங்கும் ஊசிகள் உப்பில் இறுகிப்போனால், வண்டி ஒருபுறம் இழுக்கும், ஒரு சில்லு மாத்திரம் கொதிக்கும். பயணத்தின் பின்னர் சில்லுகளின் அருகே கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. தொட வேண்டியதில்லை.

நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டி என்ற துணிவில் கடற்கரையில் இறக்குவதும், படகு ஏற்றிய இழுவையை நீருக்குள் பின்னோக்கிச் செலுத்துவதும் வழக்கமாகிவிட்டன. ஓடிவந்த வண்டியின் அச்சுப் பெட்டிகள் சூடாக இருக்கும். அவை சடுதியாகக் குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பழுதடைந்த சீல்கள் வழியாகவும் மூச்சுத்துளை வழியாகவும் கடல்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னர் அந்த ஒயில் பால்தேநீர் நிறமாக மாறியிருந்தால் உடனே மாற்றவேண்டும். விட்டுவைத்தால் சில மாதங்களில் பற்சக்கரங்கள் இரைச்சலிடத் தொடங்கும். சூடு ஆறும்வரை கரையில் காத்திருப்பதே சிறந்தது.

விலை கூடிய ரகங்களில், இரும்பு வில்லுக்குப் பதிலாகக் காற்றுப்பைகளே வண்டியைத் தாங்குகின்றன. ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி வண்டிகளில் இது பரவலாக உண்டு. வெயிலில் இறப்பர் வெடிக்கும், மடிப்புகளில் மணல் தேய்க்கும். காலையில் வண்டியின் ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அதுவே முதல் அறிகுறி. அதைப் பொருட்படுத்தாது ஓடினால், ஒழுகும் பைக்கு இடைவிடாது காற்றடித்துக் களைத்த கொம்பிரசரும் எரிந்துபோகும். ஒரு பையின் செலவு இருமடங்குக்கும் மேலாகிவிடும்.

மின்னிணைப்புகளிலும் இதே கதைதான். செம்பு முனைகளில் பச்சை படர்ந்து, சில்லுகளின் வேகத்தை அளக்கும் உணரிகள் பொய்த் தகவல் கொடுக்க, முகப்பில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரியும். பல சந்தர்ப்பங்களில் உண்மையான பழுது, ஓர் இணைப்பைக் கழற்றித் துடைத்துப் பூட்டினால் தீரக்கூடியதே. கலப்பு மின்வலு வண்டிகளில் இது பாரதூரமாகலாம். கனடாவில், 2019ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ரவ்4 ஹைபிரிட் வண்டிகளின் பின்மோட்டாருக்குச் செல்லும் உயர் அழுத்த மின்வடத்தின் இணைப்பு, வீதி உப்பினால் அரிக்கப்பட்டமை பெரும் முறைப்பாடுகளுக்கு இடமளித்தது. பின்னர் அப்பாகத்துக்கான உத்தரவாதக் காலத்தை நிறுவனம் நீடித்தது. உயர் அழுத்தப் பகுதியில் பயிற்சியற்றவர் கைவைத்தல் ஆகாது.

டீசல் வண்டிகளுக்குரிய பிரச்சினை எரிபொருள். யூரோ 4 தரத்தில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கும், யூரோ 5 தரத்தில் 10 பங்குக்கும் மேற்படலாகாது. சாதாரண ஓட்டோ டீசலில் அது பன்மடங்கு அதிகம். புதிய டீசல் எஞ்சின்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை 600 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் அது தானே எரித்துக்கொள்ளும். அதற்குச் சீரான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடங்களாவது ஓட வேண்டும். பேசாலைக்கும் மன்னார் நகருக்குமிடையே நின்று நின்று செல்லும் வண்டிக்கு அவ்வாய்ப்புக் குறைவு. வாரத்துக்கு ஒருமுறை மதவாச்சி வீதியில் அரைமணிநேரம் நிதானமாக ஓடுவது மருந்தாக அமையும். எல்லாப் பழியையும் சாரதியின்மீது போடவும் முடியாது. அவுஸ்திரேலியாவில் 2015 ஒக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையே விற்கப்பட்ட 264,170 ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சூனர் டீசல் வண்டிகளின் வடிகட்டி அமைப்பு குறைபாடுடையது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. முந்திய தலைமுறையின் 3.0 லீற்றர் பிராடோ எஞ்சினில் இன்ஜெக்டரின் அடிச்சீல் கசிவதே அறியப்பட்ட நோய். கசியும் புகைக்கரி ஒயிலில் கலந்து, ஒயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது வழமைக்கு மாறான தட்டலொலி கேட்டால் தாமதிக்கக் கூடாது.

காற்று வடிகட்டி, குளிரூட்டியின் முன்வலை, ரேடியேற்றர் ஆகியவற்றை மணற்காலத்தில் மாதமொருமுறை பார்த்தல் போதும்.

இவையனைத்துக்கும் தடையாக இருப்பது தூரமும் விலையும். முகவர் நிறுவனங்களின் பிரதான பணிமனைகள் உள்ள கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் இரு மாதங்களுள் 350ஐத் தாண்டியபோது உதிரிப்பாக விலைகளும் கூடவே ஏறின. பஞ்சிகாவத்தையில் பாவித்த பாகம் வாங்கிப் பொருத்துவதில் தவறேதுமில்லை. எஞ்சினுக்கும் கதவுக்கும் அது பொருந்தும். பிரேக் குழாய்க்கும் இறப்பர் பாகங்களுக்கும் பொருந்தாது. எச்சரிக்கை விளக்கைக் கணினியால் அணைத்துவிட்டு வண்டியை ஒப்படைப்பது திருத்தவேலை ஆகாது என்பதை உரிமையாளர்கள் உணர வேண்டும்.

அரசின் பக்கத்திலும் ஒரு வெற்றிடம் உண்டு. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு நமது வண்டிகள் புகைப் பரிசோதனைக்கு உட்படுகின்றன. பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் தேவை. ஆனால் தனியார் ஜீப்பின் அடிச்சட்டத்தையும் பிரேக் குழாயையும் எவரும் கேட்பதில்லை. ஜப்பானில் புதிய வண்டி மூன்றாண்டின் பின்னரும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் முழுமையான பரிசோதனைக்கு உட்பட வேண்டும். பிரித்தானியாவின் வருடாந்தப் பரிசோதனையில், சில்லுத் தாங்கிகளுக்கு அருகே கடுமையான துரு காணப்பட்டால் வண்டி நிராகரிக்கப்படும். ஜப்பானில் அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கப்பட்டு வந்த வண்டி, உப்புக் கரைக்கு வந்ததும் பார்ப்பாரற்றுப் போகின்றது. கரையோர மாவட்டங்களிலேனும் பத்து ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளின் அடிப்பாகத்தைப் பரிசோதிக்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒழுங்கு செய்தல் வேண்டும்.

அதுவரை, பாவித்த வண்டி வாங்குவோர் தாமே குனிந்து பார்க்க வேண்டியுள்ளது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது வெள்ளத்தில் அகப்பட்ட வண்டிகளும் சந்தைக்கு வரக்கூடும் என்பதால் இது மேலும் அவசியமாகின்றது. வண்டியை உயர்த்தி, அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். நல்ல இரும்பு கணீரெனும், உக்கியது மந்தமாக ஒலிக்கும். ஆசனத் தண்டவாளத் திருகாணிகளில் துரு, ஆசனப்பட்டியை முழுவதும் இழுக்கும்போது சேற்றுக்கோடு, கம்பளத்தின் அடியில் ஈரவாடை என்பன வெள்ளத்தின் அடையாளங்கள். ஜப்பானிய ஏலச்சீட்டில் துரு பற்றிய குறிப்பிருப்பின் அதன் மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெறலாம். புதிதாகக் கறுப்புப் பூசப்பட்ட அடிப்பாகத்தைக் காட்டி விற்பவரிடம், பூசுவதற்கு முன் எடுத்த படம் உண்டா என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.