டெண்டர் மேல் ஏறியவர்கள்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 'க்ரூ' என்றால் கொக்கு. கனமான சாமான் தூக்கும் கிரேனுக்கும் அதே பெயர்தான். ரயில் இஞ்சினுக்குத் தண்ணீர் விடும் தூணையும் பிரெஞ்சில் 'க்ரூ இத்ரோலிக்' என்பார்கள். சிறுவனாக விழுப்புரம் ஜங்ஷனில் அந்தத் 'தண்ணீர்க் கொக்கை' வாய் பிளந்து பார்த்தவன் நான். புதுச்சேரியிலிருந்து எங்கே போனாலும் அங்கேதான் வண்டி மாற வேண்டும். 1879ல் வந்த பாதை அது.

இப்போது இருப்பது கொடைரோட்டில். பழைய அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் இதுதான். 1875ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டபோது வந்த வழி. மாலையில் பிளாட்பாரப் பெஞ்சில் என்னோடு உட்காருபவர் ஓய்வுபெற்ற பயர்மேன் அண்ணன் ஒருவர். நீண்ட நாளாக இருந்த சந்தேகத்தை அவரிடம் கேட்டேன்.

"அவ்வளவு உயரத்துக்கு எப்படிண்ணே ஏறுவீங்க?"

"டெண்டருக்குப் பின்னாடி இரும்பு ஏணி இருக்கும் சார். இல்லேன்னா உள்ளேயிருந்து கரிக்குவியல் மேலேயே ஏறிப் போவோம்."

வொய்.பி. வகை இஞ்சினின் டெண்டர் சுமார் 3000 காலன் தண்ணீர் கொள்ளும். முன்பக்கம் கரி, அதைச் சுற்றியும் பின்னாலும் தொட்டி. மூடி இருப்பது பின்பகுதியில், மேலே. டிரைவர் அந்த மூடி தூணுக்கு நேராக வரும்படி வண்டியை நிறுத்த வேண்டும். ஒரு பயர்மேன் மேலே ஏறி, மூடியைத் திறந்து, தூணின் கையைத் திருப்பித் துவாரத்துக்குள் விடுவார். இன்னொருவர் கீழே சக்கரத்தைத் திருகி வால்வைத் திறப்பார். நிரம்பியதும் மேலிருந்து சத்தம் போட வேண்டும்.

கரி மிச்சமிருக்கும்; தண்ணீர்தான் முதலில் தீரும். பாய்லரில் நீர் மட்டம் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் தீப்பெட்டியின் கூரையில் உள்ள ஈயப் பிளக் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். அதனால்தான் வண்டி நிற்காமலேயே தண்ணீர் எடுக்க, 1860ல் இங்கிலாந்தின் ஜான் ராம்ஸ்பாட்டம் தண்டவாளங்களுக்கு நடுவே நீள்தொட்டி அமைத்தார். நம் பக்கத்தில் வண்டி நின்றுதான் தண்ணீர் பிடித்தது.

மின்சாரக் கம்பி வந்த பாதைகளில் டெண்டர் மேல் ஏறுவதே உயிருக்கு ஆபத்தானது. 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே போதும்.

அண்ணனின் இடது கணுக்கால் இன்றும் சற்றுக் கோணல். ஒரு மழை இரவில், விளக்கில்லாத ஒரு ஸ்டேஷனில், எண்ணெய் படிந்த படியில் வழுக்கி விழுந்தாராம். "கவனக்குறைவால் விழுந்தார்னு ஒரே வரியில எழுதி பைலை மூடிட்டாங்க சார்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் குமாஸ்தாவாக இருந்தவன். அப்படிப்பட்ட வரிகளை நானும் எழுதியிருக்கிறேன், விளக்கு எரிந்ததா என்று கேட்காமலேயே.

உங்கள் வீட்டில் பழைய ரயில்வேக்காரர் யாராவது இருந்தால், இன்றே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.