72 மணி நேரக் கோடு

குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள் வரும் செப்சிஸ் (உடலெங்கும் பாதிக்கும் கடும் கிருமித்தொற்று) தாயிடமிருந்து தொற்றியது, அதற்குப் பிந்தியது மருத்துவமனையில் ஒட்டியது என்று பாடநூல்கள் பிரிக்கின்றன. தாயின் பிறப்புப் பாதையில் இருக்கும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸை முதல் எதிரியாகக் கண்ட மேலைநாட்டு அனுபவம் இது. நம் ஊர்ப் பிரசவ வார்டுகளில் இந்தக் கோடு நிற்பதில்லை என்பதே என் வாதம்.

தில்லியின் எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனைகளிலும் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் 2011 முதல் 2014 வரை 13,530 பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளியானது. செப்சிஸ் 14.3 சதவீதம், கல்ச்சரில், அதாவது மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி தெரிந்தது 6.2 சதவீதம் மட்டுமே. நோயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்திலேயே வந்தது. ஆனால் முன்னணியில் நின்ற கிருமிகள் அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். கைகழுவும் தொட்டி, சளி உறிஞ்சும் குழாய், இன்குபேட்டரின் ஈரப்பதத் தண்ணீர் என்று வார்டுக்குள்ளேயே குடியிருக்கக்கூடியவை. அந்த அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதது. பிறந்த முதல் நாளிலேயே குழந்தையை எட்டிவிடும் மருத்துவமனைக் கிருமியைத் தாயின் கணக்கில் எப்படி எழுதுவது?

அடுத்த சான்று நம் கர்நாடகத்துப் பெளகாவியும் பங்கேற்றது. ஏழு நாடுகளில் 29,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில், பிரசவ வலியின்போது ஒரே வேளை அசித்ரோமைசின் 2 கிராம் கொடுத்தார்கள். தாய்மாரின் செப்சிஸ் அல்லது மரணம் 2.4 சதவீதத்திலிருந்து 1.6க்குக் குறைந்தது. குழந்தைகளின் செப்சிஸோ 9.8, மருந்தில்லாத குழுவில் 9.6. கிருமி தாயிடமிருந்தே வந்திருந்தால் இதுவும் குறைந்திருக்க வேண்டாமா?

இதை என் வாதத்துக்கு முழுச் சான்றாகக் கொள்ள முடியாது. குடல்வாழ் கிராம்-நெகட்டிவ் கிருமிகளிடம் அசித்ரோமைசினுக்கு வலு குறைவு. குழந்தைகளின் செப்சிஸும் பெரும்பாலும் அறிகுறிகளை வைத்தே முடிவுசெய்யப்பட்டது. கல்ச்சருக்குக் குறைந்தது 1 மில்லி ரத்தம் வேண்டும். ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் ஓடுவதே ஏறக்குறைய 80, 90 மில்லி. நர்ஸின் கை தயங்குவதில் வியப்பில்லை. அறிக்கை வர இரண்டு நாளாகும், அதற்குள் ஆன்டிபயாடிக் ஓடத் தொடங்கியிருக்கும். ஆக, ‘செப்சிஸ்’ என்று நாம் எண்ணுவதில் எத்தனை செப்சிஸ் என்பதே வழக்கு.

இருந்தும் ஒரு சோதனை வேறு பக்கம் கை காட்டுகிறது. சப்தர்ஜங் உட்பட ஐந்து மருத்துவமனைகளில் 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்துவைத்தார்கள். 2021இல் வந்த முடிவு: இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12.0க்கு இறங்கியது, செப்சிஸ் என ஐயுற்றவை 27.8இலிருந்து 22.9க்கு. புது மருந்து எதுவும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் தாய்க்கும் கட்டில் போட்டார்கள், அவ்வளவுதான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வாளர்கள் கொப்பள் மாவட்டத்தில், இப்படி மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு தாய்ப் பராமரிப்பை அரசு மருத்துவமனையிலிருந்து வீடுவரை கொண்டுசென்றார்கள்; அடித்தளம் நம்மிடமே இருக்கிறது.

இனி கேட்க வேண்டியது, தாயின் தோல் நுண்ணுயிர்கள் குழந்தைமேல் முதலில் குடியேறியதால் நோய் குறைந்ததா, பலர் கை படுவது குறைந்ததாலா என்பது. தொட்டித் தண்ணீர், தாயின் தோல், குழந்தையின் ரத்தம் மூன்றிலிருந்தும் கிருமியெடுத்து மரபணு வரிசையை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். அதற்கான ஆய்வகங்கள் பெங்களூரில் உண்டு. மாதிரி வரவேண்டியது மாவட்ட மருத்துவமனைகளிலிருந்து.