சுந்தரரின் சத்தியம்

திண்டிவனம் வழியாக விழுப்புரம் வந்து தென்மேற்கே திரும்பினால் திருவெண்ணெய்நல்லூர். புத்தூர் மணப்பந்தலில் முதியவராய் வந்த சிவபெருமான், அடிமை ஓலை காட்டிச் சுந்தரரின் திருமணத்தை நிறுத்தி, இவ்வூர்ச் சபையில் வழக்கை வென்றார் என்கிறது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம்.

பக்தி அவ்விளைஞரைப் பாடகராக்கியது. மனிதராக்கியதில் இல்லறத்திற்கும் பெரும் பங்குண்டு என்றே தோன்றுகிறது. திருக்கோளிலிப் பதிகத்தில் அவர் ஞானம் கேட்கவில்லை. மனைவி பரவையார் பசியால் வாடுகிறார், குண்டையூர் நெல்லைச் சுமக்க ஆள் கொடு என்கிறார்!

பின்னர்த் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது 'பிரியேன்' என்று சத்தியம் செய்ய நேர்ந்தது. அவ்வேளையில் சந்நிதியை விட்டு மகிழமரத்தடிக்கு எழுந்தருளுமாறு இறைவனிடம் முன்கூட்டியே வேண்டிக்கொண்ட சாமர்த்தியசாலி அவர். இறைவனோ அதைச் சங்கிலியார்க்கு உணர்த்திவிட, சத்தியம் மகிழடியிலேயே நடந்தது. ஆரூர் நினைவு உந்த ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண்கள் இருண்டன. ஒரு கண் காஞ்சியிலும் மற்றது ஆரூரிலும் திரும்பும்வரை வழிநெடுகப் பாடினார். அப்பதிகங்களில் இறைவனை இடித்துரைக்கிறார். தம் பிழையையும் மறைக்கவில்லை. அடிமை ஓலையைப் பித்தன் செயலென்று ஏளனம் செய்த மணமகனிடம் இந்தக் குரல் இருந்ததில்லை.

புத்தூரில் விடப்பட்ட சடங்கவியார் மகளாரோ சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாராம். அவர் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை.