பேனாக்கத்தியில் பேனா எங்கே?

"பேனாக்கத்தி இருக்கா தம்பி?"

இரும்புச் சாமான் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்கு இருபது வயதுக்குமேல் இராது. சற்று யோசித்தான். "பேனா மாதிரியே இருக்கும், மூடியைக் கழட்டினா உள்ள கத்தி இருக்குமே, அதுங்களா சார்? நம்மகிட்ட வர்றதில்லீங்க" என்றான்.

அவன்மேல் குற்றமில்லை. அந்தச் சொல்லைப் பிரித்துப் பொருள் காணச் சொன்னால் யாரும் அப்படித்தான் காண்பார்கள். பாக்குவெட்டி பாக்கை வெட்டும். சவரக்கத்தி சவரத்துக்கு. பாளைக்கத்தி பாளை சீவ. பேனாக்கத்தி மட்டும் பேனாவுக்கு என்ன செய்கிறது? பள்ளி நாளில் என் கால்சட்டைப் பையில் ஒன்று கிடந்தது. பென்சில் சீவினேன், மாங்காய் நறுக்கினேன், சணல் அறுத்தேன், பெஞ்சில் பெயர் செதுக்கி அடியும் வாங்கினேன். பேனாவுக்கு அதனால் ஒருநாளும் ஒரு பயனும் இருந்ததில்லை. அந்தப் பெயர் ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவும் இல்லை.

"மடக்குற கத்திப்பா" என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க" என்று உள்ளே தேடப் போனான். அவன் வர நேரமானது. அந்த நேரத்தில் மனம் போன வழி இது.

பேனா போர்த்துகீசியர் வழியாக வந்த சொல். சாவியும் அலமாரியும் மேசையும் ஜன்னலும் வந்த கூட்டத்தோடு வந்தது. அவர்கள் மொழியில் 'பெனா' என்றால் எழுதுகோல். அதற்கும் முன்னால் இறகு. இலத்தீனில் 'பென்னா' இறகுதான். ஐரோப்பா ஆயிரம் ஆண்டுக்கு மேல் பறவை இறகால் எழுதியது, பெரும்பாலும் பெருவாத்தின் சிறகிலிருந்து உருவிய இறகால். வலக்கையால் எழுதுகிறவருக்கு இடச்சிறகின் இறகு நல்லது என்பார்கள்; அதன் வளைவு கண்ணை மறைக்காமல் வெளிப்பக்கம் சாயும். உருவிய இறகை அப்படியே தோய்த்து எழுத முடியாது. சூடான மணலில் செருகித் தண்டைக் கெட்டிப்படுத்த வேண்டும். பிறகு முனையைச் சாய்வாகச் சீவி, நடுவில் மை இறங்க ஒரு பிளவு கீறி, நுனியைக் கத்தரித்துவிட வேண்டும். எழுத எழுத நுனி மழுங்கும், விரியும். மறுபடி சீவ வேண்டும். நாள் முழுக்க எழுதும் குமாஸ்தாவுக்குக் கத்தி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தாக வேண்டும்.

ஐரோப்பிய இடைக்காலத்து ஏடுகளில் எழுத்தர்களின் ஓவியங்கள் நிறைய உண்டு. வலக்கையில் இறகு, இடக்கையில் கத்தி. எழுதும்போதே கத்தியைக் கீழே வைப்பதில்லை. புடைத்து எழும் தோல் தாளை அதன் முனையால் அழுத்திக்கொள்வார்கள், பிழை நேர்ந்தால் அதே கத்தியால் மையைச் சுரண்டி எடுப்பார்கள். பேனாவும் அழிப்பானும் ஆளுக்கொரு கையில். ஆங்கிலத்தில் 'பென்நைஃப்' என்ற சொல் 15ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது.

இந்தக் கத்தியை இறகோடு சேர்த்துக் கூப்பிட்டது ஆங்கிலம் மட்டும் அல்ல. ஸ்பானிய மொழியில் சட்டைப்பைக் கத்திக்கு 'கோர்த்தாப்லூமாஸ்' என்று பெயர். இறகுவெட்டி என்றே பொருள். நம் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம். ரஷ்ய மொழியிலும் மடக்குக்கத்தி இறகு சீவும் கத்திதான். இந்துஸ்தானியிலும் பாரசீகத்திலும் 'கலம்தராஷ்' என்றார்கள். கலம் என்பது அங்கே நாணற்பேனா, அதைச் சீவுவது கலம்தராஷ். பறவைக்குப் பதில் புல், அவ்வளவுதான் வேற்றுமை. ஸ்பானியரும் ரஷ்யரும் இன்று அந்தக் கத்தியால் ஆப்பிள் தோல் சீவுகிறார்கள். பெயரில் இறகு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

தமிழில் இதற்கு ஒரு தற்செயல் வேடிக்கை உண்டு. கத்தியின் வெட்டும் பாகத்தை நாம் அலகு என்கிறோம். பறவையின் மூக்கும் அலகுதான். பேனாக்கத்தியின் பேனா இறகு, கத்தியின் அலகு மூக்கு. ஒரு பறவையையே மடித்துச் சட்டைப்பையில் வைத்த மாதிரி. இது ஆராய்ச்சி அல்ல, சும்மா சொன்னேன்.

1820களில் பர்மிங்ஹாமில் எஃகு நிப்புகளை இயந்திரத்தில் அச்சடித்துக் குவிக்கத் தொடங்கினார்கள். சில பத்தாண்டுகளில் இறகுக்கு வேலை போயிற்று. கத்திக்குப் போகவில்லை. கத்தி எப்போதுமே தனிப்பொருளாக இருந்ததால் வேறு வேலை தேடிக்கொண்டது. முதலில் கிடைத்த வேலை பென்சில். பெயரைப் பார்த்தால் பேனாவின் தம்பி போலத் தோன்றும்; உறவே இல்லை. இலத்தீனில் சிறு வால் என்று பொருள்படும், தூரிகையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது பென்சில். ஆக இறகு சீவ வந்த கத்தி, வாலைச் சீவ ஆரம்பித்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இக்கத்திகளுக்குப் பேர்போனது. அங்கே ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822இல் 1822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்டியது. எதற்கு என்று கேட்கக் கூடாது.

இனி நம் சொல். 'கத்தி' திராவிட மொழிகளுக்குப் பொது. மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு எல்லாவற்றிலும் கத்திதான். 'பேனா' போர்த்துகீசியம். இரண்டையும் கோத்த முறையோ ஆங்கிலம். போர்த்துகீசியர் தம் கத்தியைச் சொன்ன 'கனிவேத்' என்ற சொல்லில் இறகும் இல்லை பேனாவும் இல்லை, எனவே இந்தக் கூட்டு அவர்கள் தந்ததாக இருக்க முடியாது. வெள்ளைக்காரக் கச்சேரியில் 'பென்நைஃப்' என்று கேட்ட காதுதான் அதைப் பேனாக்கத்தி ஆக்கியிருக்க வேண்டும். மலையாளத்திலும் அதே சொல் அதே வடிவில் உண்டு. ஆக்கியவருக்குப் பேனா என்றால் இறகு என்பது தெரிந்திருக்குமா? தேவைப்பட்டிருக்காது. மேசைமேல் பேனா, பக்கத்தில் கத்தி, போதும்.

ஆனால் நம்மவர்கள் வாத்து இறகைச் சீவி எழுதிப் பழகிய கூட்டம் அல்லவே. நம்முடையது பனையோலை. ஓலைக்கு மை தொட்டு எழுதுவதில்லை, கீறுவது. கீறிய பிறகு மை தடவினால் எழுத்து தெரியும். கீறுவதற்கு இரும்பு எழுத்தாணி. அது இறகு போல அடிக்கடி மழுங்குவதில்லை, எனவே அதைச் சீவக் கத்தி வேண்டாம். ஓலையில் கீறியதைச் சுரண்டி அழிக்கவும் முடியாது, எனவே அதற்கும் வேண்டாம். அப்படியானால் தமிழ் எழுத்தருக்குக் கத்தியே தேவைப்படவில்லையா?

தேவைப்பட்டது, ஓலைக்கு. பச்சை ஓலையின் நடு ஈர்க்கை நீக்கி, ஓரத்தை ஒழுங்காக வாரி, ஒரே நீளமாக நறுக்க வேண்டும். சிறு துண்டானால் அதன் பெயரே நறுக்கு. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லிப்போகிறார். அவர் ஏட்டுச்சுவடியில் படித்த தலைமுறை, 1942இல் மறைந்தவர், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கண்டதை நினைவிலிருந்து எழுதினார். குண்டெழுத்தாணி குட்டையானது, தலை கனத்திருக்கும். வாரெழுத்தாணிக்கு ஒரு முனையில் கூர், மறுமுனையில் தட்டையான கத்தி. 'வார்' என்றதும் தோல்வார் நினைவுக்கு வரும். பெயர் அதனால் வந்ததல்ல, ஓலை வாருவதால் வாரெழுத்தாணி. மூன்றாவது மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் எழுத்தாணி, ஒரு பக்கம் கத்தி, இரண்டையும் மடக்கினால் நடுவிலுள்ள பிடிக்குள் அடங்கிவிடும். பிடி மரமாகவோ தந்தமாகவோ மாட்டுக்கொம்பாகவோ இருக்கும்.

அந்தப் பத்தியை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொம்புப் பிடி, உள்ளே மடங்கும் அலகு, எழுதுகிறவர் கூடவே கொண்டு திரியும் சிறு கருவி. பேனாக்கத்தி என்றால் இதுதானே! அந்தச் சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் முழு உரிமை உள்ள பொருள் நம்மிடமே இருந்திருக்கிறது. எழுதுகோலும் கத்தியும் ஒரே உடம்பில். கடைப்பையன் சொன்னானே, பேனாவுக்குள் கத்தி என்று. அவன் அறியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறான். முந்நூறு வருஷம் முன்னால் வந்து கேட்டிருந்தால் அந்தப் பொருளையே எடுத்து நீட்டியிருப்பான்.

அந்த ஒரே உடம்புதான் அதற்கு வினையாகவும் ஆயிற்று என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் இறகு வேறு, கத்தி வேறு. ஒன்று செத்தபோது மற்றது பிழைத்துப் பென்சிலிடம் போய்ச் சேர்ந்தது. இங்கே கணக்குப்பிள்ளை ஓலையை விட்டுக் காகிதத்துக்கு மாறியபோது எழுத்தாணி பரணுக்குப் போனது. அதோடு ஒட்டியிருந்த கத்தியும் கூடவே போனது. தனியே பிழைக்க வழியில்லை. அந்த இடம் காலியான பிறகு கட்டைப் பேனாவும் காகிதமும் வந்த வழியாகவே ஷெஃபீல்டு கத்தியும் வந்து சேர்ந்தது, பெயரோடு.

தனித்தமிழ் அன்பர்கள் பேனாவுக்குத் 'தூவல்' என்று சொல் தந்தார்கள். தூவல் என்றால் இறகு. ஐரோப்பியர் இறகால் எழுதியதால் எழுதுகோலை இறகு என்றனர். இறகால் எழுதியிராத நாமும் இறகு என்றே மொழிபெயர்த்துக்கொண்டோம். எழுதுகோல் என்பது பழைய, நல்ல சொல். அது போதாதா என்று எனக்கு எப்போதும் தோன்றும். 'தூவற்கத்தி' என்று இதுவரை யாரும் சொல்லாதது ஆறுதல்.

கடையில் நான் சொன்ன 'மடக்கு' நின்று கவனிக்க வேண்டிய சொல். மடங்கு, மடக்கு, மடி, மடிப்பு எல்லாம் ஒரே வேர். வேட்டி கட்டியவருக்குப் பை ஏது? இடுப்பில் துணியை மடித்தால் அது மடி. வெற்றிலையும் காசும் பொடிமட்டையும் அங்கேதான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பதும் அந்த மடிதான். மடக்கிய கத்தியை மடியில் செருகினால், பொருளும் இடமும் ஒரே வேரில் பிறந்தவை. சட்டைப்பைக் கத்தி என்று பிற மொழியார் சொல்வதை நாம் மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை.

ஈழத்தில் இதற்கு வில்லுக்கத்தி என்று பெயர். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போன சொல். வில் என்பது இங்கே அம்பு எய்யும் வில் அல்ல. வில்வண்டியில் உள்ள வில், அதாவது ஸ்பிரிங். சாதாரண மடக்குக்கத்தியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை ஓடும். அலகைத் திறக்கும்போது அதன் அடிப்பகுதி பட்டையைத் தூக்கும். முழுக்கத் திறந்ததும் பட்டை 'டக்'கென்று விழுந்து பிடித்துக்கொள்ளும். மூடும்போதும் அதே சத்தம். நாவிதரின் சவரக்கத்தியில் அந்தப் பட்டை இல்லை, ஆணியின் இறுக்கம் மட்டுமே. அதுவும் மடங்கும், ஆனால் வில்லுக்கத்தி ஆகாது. பேனாக்கத்தி என்ற பெயர் ஒழிந்துபோன வேலையைச் சொல்கிறது. வில்லுக்கத்தி என்ற பெயர் அது வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறது. கடையில் நான் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். அதற்கும் அந்தப் பையன் விழித்திருப்பான் என்பது வேறு.

மற்ற பெயர்கள் எல்லாம் சண்டைக்காரப் பெயர்கள். இந்தியின் 'சுரி' சூரிக்கத்தி ஆயிற்று. அதன் வடமொழி உறவு சுரிகை. பிச்சுவா என்றால் வடக்கே தேள். இவற்றை யாரும் மாங்காய் நறுக்க வைத்துக்கொள்வதில்லை. பேனாக்கத்தி இவற்றோடு சேராத சாது. ஆயுதச் சட்டத்தின்கீழ் 1962இல் வந்த விதிகளும் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளைத்தான் ஆயுதமாக எண்ணின. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றை அப்போதும் விட்டுவிட்டன. ஆனாலும் இந்தச் சொல்லை இன்று அதிகம் அச்சில் பார்ப்பது குற்றச் செய்திகளில். அன்றாட வேலையிலிருந்து கத்தி விலகியதும், சொல்லுக்குக் காவல் நிலையம்தான் மிச்சமாயிற்று.

விலக்கியது பிளேடு. சவர பிளேடை ஒடித்துப் பாதியைப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்ட தலைமுறைக்குப் பேனாக்கத்தி வீண் செலவு. பிளேடு பேச்சிலும் குடியேறிவிட்டது: விடாமல் பேசுகிறவர் பிளேடு போடுகிறார், ரம்பம் போடுகிறார், அறுக்கிறார். பேனாக்கத்தி போடுகிறார் என்று யாரும் சொல்வதில்லை. இப்போது பென்சில் திருகியும் வந்து பிளேடையும் ஓரங்கட்டிவிட்டது. சாவிக்கொத்தில் தொங்கும் நகவெட்டியைத் திறந்து பாருங்கள். பல்குச்சி போல ஒரு சின்ன அலகு மடங்கிக் கிடக்கும். பார்சல் நூலை அறுப்பது அதுதான்.

பையன் வந்தான். தூசி படிந்த அட்டைப்பெட்டி. உள்ளே நாலைந்து கத்திகள், பித்தளைக் குமிழ், மரப்பிடி. ஒன்றை எடுத்து நகத்தால் அலகை இழுத்தேன். டக். மூடினேன். டக்.

"எதுக்கு சார், பழம் நறுக்கவா?"

"பென்சில் சீவ."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து பில் போட்டான். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். 'கத்தி சின்னது – 1' என்று எழுதியிருந்தான்.