ஏற்றுமதி ரீஃபண்ட்: காலக்கெடுவும் சான்றும்

ஏற்றுமதியாகும் சரக்கின் தலையில் உள்நாட்டு வரி ஏறக்கூடாது என்பது இந்திய மறைமுக வரிச் சட்டங்களில் நெடுநாளாக இருந்துவரும் கொள்கை. மத்திய கலால் வரிக் காலத்தில் கட்டிய வரி ‘ரிபேட்’ என்று திரும்பி வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டியில் அதுவே ரீஃபண்ட். கொள்கையில் யாருக்கும் சண்டை இல்லை. வழக்குகள் கிளம்புவது பெரும்பாலும் இரண்டு கேள்விகளில்தான்: சரக்கு உண்மையில் நாட்டை விட்டுப் போனதா, பணம் கேட்கும் மனு கெடுவுக்குள் வந்ததா. நீதிமன்றங்கள் முதல் கேள்வியில் இளகியும் இரண்டாவதில் இறுகியும் வந்திருக்கின்றன. காகிதத்தை நம்பி நடந்த காலத்துக்கு அது பொருந்தியது. கஸ்டம்ஸ் கணினியே ஏற்றுமதியை உறுதிசெய்துவிடும் இன்று, சரக்கு ஏற்றுமதியைப் பொறுத்தவரை காலக்கெடுவின் நியாயம் பெருமளவு தேய்ந்துவிட்டது.

கலால் காலத்தின் உயிர்நாடி ஏ.ஆர்.இ.-1 என்ற படிவம். தொழிற்சாலையிலிருந்து சரக்கு கிளம்பும்போதே அது பல பிரதிகளில் தயாராகும். துறைமுகத்தில் சுங்க அதிகாரி சரக்கு ஏறியதைக் குறித்துக் கையொப்பமிட்ட பிரதிகளை வைத்துத்தான் ரிபேட் கேட்கவேண்டும். அந்தப் பிரதி தொலைந்தால் பணமும் தொலைந்தது என்பதே துறையின் நிலை. யு.எம். கேபிள்ஸ் வழக்கில் 2013இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அசல் பிரதி இல்லை என்பதாலேயே கோரிக்கை செத்துவிடாது. ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்று ஆகியவற்றைப் பார்த்து அதிகாரி முடிவெடுக்கவேண்டும் என்றது. அதற்கு முன்பே 2011இல் ஃபோர்டு இந்தியா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போயிருந்தது. இவற்றின் அடித்தளம் 1991இன் மங்களூர் கெமிக்கல்ஸ் தீர்ப்பு. ஒரு நிபந்தனை சலுகையின் உயிரா, வெறும் நடைமுறையா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னது அது. ஜிஎஸ்டியும் இந்தப் போக்கைத் தொடர்கிறது. வரி கட்டாமல் அனுப்புவதற்கான உறுதியளிப்புக் கடிதத்தைத் தாமதமாகக் கொடுத்தாலும், இன்வாய்ஸ் தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்துச் சரக்கு போனாலும், ஏற்றுமதி நடந்தது உறுதியானால் ரீஃபண்டை மறுக்கக்கூடாது என்று 2018 மார்ச் 15 தேதியிட்ட 37ஆம் எண் சுற்றறிக்கையே சொன்னது.

காலக்கெடு விஷயத்தில் கதை வேறு. கலால் சட்டத்தின் 11பி பிரிவு ரீஃபண்டுக்கு ஓர் ஆண்டு கெடு வைத்தது. ரிபேட் பற்றிய 18ஆம் விதியின் அறிவிக்கையிலோ அப்போது கெடு பற்றிய பேச்சே இருக்கவில்லை. அப்படியானால் ரிபேட்டுக்குக் கெடு கிடையாது என்று சென்னையின் டோர்காஸ் மார்க்கெட் மேக்கர்ஸ் வாதாடி, உயர் நீதிமன்றத்தில் 2012இல் தனி நீதிபதியிடமும் 2015இல் டிவிஷன் பெஞ்சிலும் வென்றது. அந்தத் தீர்ப்பை நம்பிப் பல ஏற்றுமதியாளர்கள் மனுப் போட்டார்கள். 2022 நவம்பரில் சன்சேரா இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது: விதி தாய்ச் சட்டத்தை மீறி நிற்க முடியாது, கெடு ரிபேட்டுக்கும் உண்டு. சட்டத் தர்க்கமாக இதில் குறை காண முடியாது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த மஃபத்லால் தீர்ப்பு (1996), ரீஃபண்டைச் சட்டம் வகுத்த வழியில் மட்டுமே கேட்க முடியும் என்று முன்பே சொல்லியிருந்தது.

ஜிஎஸ்டி சட்டத்தின் 54ஆம் பிரிவு கெடுவை இரண்டு ஆண்டுகளாக்கியது. கடல், வான் வழிச் சரக்குக்குக் கணக்குத் தொடங்குவது கப்பலோ விமானமோ இந்தியாவை விட்டுக் கிளம்பும் நாளில். ஷிப்பிங் பில் தேதியும் இன்வாய்ஸ் தேதியும் இதில் சேராது. சேவை ஏற்றுமதிக்குப் பணம் வந்த நாள்; முன்பணம் வாங்கியிருந்தால் இன்வாய்ஸ் நாள். சேவைக்குத் துறைமுகமும் இல்லை, சுங்கப் பதிவும் இல்லை என்பதால் அங்கே வங்கிச் சான்றே எல்லாம். அதன் தொல்லைகள் தனி.

சரக்குக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியை (ஐஜிஎஸ்டி) கட்டி அனுப்பினால் 96ஆம் விதிப்படி ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் மனு. கப்பல் நிறுவனம் ஏற்றுமதிப் பட்டியலைத் தாக்கல் செய்து, ஏற்றுமதியாளர் தன் ரிட்டர்னையும் போட்டுவிட்டால் பணம் வங்கிக்கு வரவேண்டும். தனி மனு இல்லை. ஆகவே கெடு தவறும் பேச்சும் எழுவது அரிது. ஆரம்பத்தில் இதுவும் சிக்கியது. உள்நாட்டுக் கண்டெய்னர் டிப்போவில் கஸ்டம்ஸ் முடித்த சரக்குக்குத் துறைமுகப் பட்டியல் கணினியில் பொருந்தாமல் ‘எஸ்.பி.006’ என்ற பிழை விழுந்து ரீஃபண்டுகள் முடங்கின. இன்வாய்ஸ் எண் பொருந்தாவிட்டால் ‘எஸ்.பி.005’. தேங்கியதைத் தீர்க்க 2018 மார்ச்சில் ‘ரீஃபண்ட் பதினைந்து நாள்’ முகாமே நடத்தவேண்டியிருந்தது. இரண்டாவது வழி, வரி கட்டாமல் உறுதியளிப்புக் கடிதத்தின் பேரில் அனுப்பிவிட்டு, தேங்கிய உள்ளீட்டு வரி வரவைத் தனி மனுவில் கேட்பது. அதே துறைமுகம், அதே கப்பல், அதே சுங்கப் பதிவு. ஆனால் இரண்டாண்டுக் கெடு கழுத்தைப் பிடிப்பது இந்த வழியில் போகிறவரை மட்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வலுவானது. இரண்டாவது வழியில் சோதிக்கவேண்டியது ஏற்றுமதியை மட்டுமல்ல, வரவையும்தான்; உதாரணத்துக்கு, ஆடை ஏற்றுமதியாளருக்கு நூல் விற்றவரும் சாயப்பட்டறைக்காரரும் கொடுத்த இன்வாய்ஸ்கள் உண்மையா என்று பத்தாண்டு கழித்து யார் தேடுவது? நியாயமான கேள்வி. ஆனால் கெடு தவறியதால் அந்த வரவு செல்லாததாகிவிடுவதில்லை. மின்னணு வரவுப் பேரேட்டில் அப்படியே நிற்கிறது. சில பொருள்கள் நீங்கலாக, ஏற்றுமதியாளர் அடுத்த சரக்கை ஐஜிஎஸ்டி வழிக்கு மாற்றி, அந்தப் பழைய வரவிலிருந்தே வரியைக் கட்டினால், அது ஷிப்பிங் பில் வழியாக ரொக்கமாகத் திரும்பி வருகிறது. நல்ல ஆடிட்டர் வைத்திருப்பவரை இந்தக் கெடு தொடுவதில்லை. தொடர்ந்து ஏற்றுமதி செய்ய வழியில்லாத சிறு வியாபாரியைத்தான் பிடிக்கிறது. அரசின் கணக்குக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற வாதமும் இங்கே அடிபட்டுப்போகிறது.

அரசும் கெடுவைக் கல்லாக வைத்திருக்கவில்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச் 1 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கி 2022 ஜூலையில் அறிவிக்கை வந்தது. மனுவில் குறை காட்டி அதிகாரி திருப்பி அனுப்பும்வரை கழிந்த நாள்களையும் 2021இன் திருத்தம் நீக்கியது. 54ஆம் பிரிவில் உள்ள ‘செய்யலாம்’ என்ற வினை கெடுவைக் கட்டாயமாக்கவில்லை என்று 2023இல் லெனோவோ இந்தியா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி யாரும் தாமதிக்கக்கூடாது. டோர்காஸை நம்பியவர்களுக்கு நேர்ந்தது கண்ணெதிரே இருக்கிறது. ஏற்றுமதிப் பட்டியல் பதிவான ஷிப்பிங் பில்லை, உறுதியளிப்புக் கடிதத்தில் போன சரக்குக்கும் முதல்நிலை ரீஃபண்ட் மனுவாகக் கொண்டு, வரவுச் சோதனைக்கு மட்டும் தனிக் கெடு வைக்கவேண்டும். அதைச் செய்யவேண்டியது நாடாளுமன்றமும் ஜிஎஸ்டி கவுன்சிலும், நீதிமன்றங்களால் ஆகாது.