ஆறாம் வகுப்பின் வாசல்

நல்லதண்ணி மலைச்சாரலில், ஆறாம் வகுப்பிற்கு வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் சந்தனமிட்டு வரவேற்கிறோம். ஐந்தை முடித்தவர் ஆறுக்கு வருவதில் என்ன அதிசயம் என்பீர்கள்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரைமார்மீது சுமத்தியது. ஆறு வயது முதல் பத்து வயது வரைதான்! அதற்கு மேற்பட்ட பிள்ளையைப்பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடமென்பதும் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர். சிலேற்றுப் பலகையை வைத்துவிட்டுப் பிள்ளைகள் மலைக்கு வேலைக்குச் சென்றனர். 1945இல் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுங்கியே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்தே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கொழுந்து நிறுக்குமிடத்தில், கணக்கப்பிள்ளை எழுதி முடிக்குமுன்பே இறாத்தலை மனத்தில் கூட்டிச் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கிற்கு ஆறாம் வகுப்பு கிடைக்கவில்லை.

இன்று நான் பதிவேட்டில் புதிய பெயர்களை வாசிக்கையில், அரைநாட் கூலி போனாலும் போகட்டுமென்று வாசலில் நிற்கும் தாய்மார் சிலர், பிள்ளைகளை முந்திக்கொண்டு, “வந்திருக்கிறான், சேர்” என்கிறார்கள்.